அழிய மறுக்கும் பேக்கப் கோப்புகள்: அழிப்பதற்கு முன் அறிய வேண்டியவை

எங்கள் பள்ளி அலுவலகத்தின் இரும்பு பீரோவில் 1 டிபி கொள்ளளவுள்ள எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று இருக்கிறது. ஆண்டுவிழாப் படங்கள், வினாத்தாள்கள், மாணவர் பட்டியல்கள் என எல்லாம் அதில்தான். ஒரு முறை ஆண்டுவிழா வீடியோவைச் சேமிக்கப் போனபோது இடம் இல்லை என்று வந்தது. பார்த்தால், பாதிக்கு மேல் இடத்தை இரண்டு கோப்புறைகள் அடைத்துக்கொண்டிருந்தன. ஒன்றின் பெயர் ஃபைல்ஹிஸ்டரி, மற்றொன்றின் பெயர் விண்டோஸ்இமேஜ்பேக்கப். இரண்டும் எப்போதோ பழுதாகிக் கழிக்கப்பட்ட பழைய அலுவலகக் கணினி தானாக எடுத்து வைத்த பேக்கப்புகள்.

தேர்வு செய்து டெலிட் அழுத்தினேன். அனுமதி வேண்டும் என்றது. மீண்டும் முயன்றேன். பெயர் மிக நீளம் என்றது. மூன்றாவது முறை, கோப்பு வேறெங்கோ பயன்பாட்டில் உள்ளது என்றது. அருகில் இருந்த சக ஆசிரியர், "எதுக்கு சார் இவ்வளவு பாடு? தேவையானதை மட்டும் காப்பி பண்ணிட்டு ஃபார்மட் போட்டுடுங்க. அஞ்சு நிமிஷ வேலை" என்றார். சரி என்றுதான் தோன்றியது. இருந்தாலும், அழிப்பதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு முறை திறந்து பார்த்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாணவர்கள் ஒரு செயல்திட்டத்திற்காக ஆரணியின் நெசவாளர் வீடுகளுக்குச் சென்று, முதிய பட்டு நெசவாளர்களின் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்திருந்தார்கள். பாவு ஓட்டுவது, ஜரிகை சேர்ப்பது, அந்தக் காலத்துக் கூலி என எல்லாவற்றையும் அவர்கள் வாயாலேயே சொன்ன பதிவுகள். அவை பழைய கணினியில் இருந்தன. கணினி போனதோடு அவையும் போயின என்றே நினைத்திருந்தோம். அந்தப் பேக்கப் கோப்புறைக்குள் அவை பத்திரமாக இருந்தன. பேசியவர்களில் ஒருவர் இப்போது உயிருடன் இல்லை.

அந்த அனுபவத்திற்குப் பிறகு, அழிய மறுக்கும் கோப்பைப் பற்றி நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே பகிர்கிறேன். எந்தக் கோப்பும் வீம்புக்கு அழிய மறுப்பதில்லை. ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு காரணம் உண்டு. தறியில் இழை சிக்கினால் எங்கள் ஊர் நெசவாளர் அதைப் பிடித்து இழுக்கமாட்டார். இழுத்தால் பக்கத்து இழைகளும் அறும். சிக்கல் எங்கே என்று பார்த்துத்தான் எடுப்பார். நாமும் அப்படியே செய்ய வேண்டும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

இந்தக் கோப்புக்கு வேறு நகல் இருக்கிறதா? மூலம் இன்னும் கணினியில் இருந்தால் பேக்கப்பை அழிப்பதில் தவறில்லை. மூலம் போய்விட்டிருந்தால், பேக்கப் என்று நாம் அழைப்பது பேக்கப் அல்ல. அதுவே மூலம்.

பெரிய நிறுவனங்களும் இதில் தவறியிருக்கின்றன. 1998ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படம் தயாரிப்பில் இருந்தபோது, தவறுதலாகக் கொடுக்கப்பட்ட ஓர் அழிப்புக் கட்டளை படத்தின் பெரும்பகுதிக் கோப்புகளை அழித்துவிட்டது. பேக்கப் இருக்கிறது என்று நம்பித் தேடியபோது அதுவும் சரியாக வேலை செய்திருக்கவில்லை. குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து பணியாற்றிய கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப மேற்பார்வையாளரின் வீட்டுக் கணினியில் இருந்த நகல்தான் படத்தைக் காப்பாற்றியது. படம் 1999இல் வெளியானது.

ஆகவே அழிப்பதற்கு முன் உள்ளே பாருங்கள். ஃபைல்ஹிஸ்டரி கோப்புறையைப் பார்ப்பது எளிது. அதற்குள் டேட்டா என்ற கோப்புறையில் கோப்புகள் சாதாரணமாகவே இருக்கும். ஒவ்வொரு பெயரின் பின்னாலும் பேக்கப் எடுத்த தேதியும் நேரமும் ஒட்டியிருக்கும். ஒரே கோப்பைப் பத்து முறை மாற்றியிருந்தால் பத்து நகல்கள் இருக்கும். இடம் நிரம்புவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

விண்டோஸ்இமேஜ்பேக்கப் என்பது முழுக் கணினியின் படிமம். அதற்குள் இருக்கும் பெரிய கோப்பை 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' பகுதியில் 'அட்டாச் விஹெச்டி' கொடுத்து, 'ரீட் ஒன்லி' என்பதையும் தேர்வு செய்தால், தனி டிரைவ் போலத் திறந்து பார்க்கலாம். பார்த்து முடித்தபின் மறக்காமல் 'டிட்டாச்' கொடுங்கள். இல்லையென்றால் அந்தக் கோப்பு பயன்பாட்டில் இருப்பதாகக் கணினி கருதி, அழிக்க விடாது.

மறுப்புக்கான நான்கு காரணங்கள்

ஒன்று, கோப்பு பயன்பாட்டில் இருப்பது. நாம் திறக்காவிட்டாலும் பின்னணியில் ஏதாவது ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும். வைரஸ் தடுப்பு நிரல் சோதித்துக்கொண்டிருக்கலாம். பேக்கப் நிரலே அந்த நேரத்தில் எழுதிக்கொண்டிருக்கலாம். கன்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரியை 'டர்ன் ஆஃப்' செய்யுங்கள். பிறகு கணினியை ரீஸ்டார்ட் செய்து, வேறு எதையும் திறக்காமல் முதல் வேலையாக அழித்துப் பாருங்கள். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும்.

இரண்டு, உரிமை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் உண்டு. உரிமையாளரைப் பெயரால் அல்ல, ஒரு நீண்ட எண்ணால்தான் விண்டோஸ் குறித்து வைக்கிறது. அந்தப் பழைய கணினி இன்று இல்லை. புதிய கணினியில் அதே பெயரில் பயனர் கணக்கு இருந்தாலும் எண் வேறு. அதனால்தான் நம் பள்ளி டிஸ்க்கே நம்மிடம் அனுமதி கேட்கிறது.

இதற்குத் தீர்வு உரிமையை மாற்றுவது. கோப்புறையின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று செல்லுங்கள். மேலே 'ஓனர்' என்ற இடத்தில் 'சேஞ்ச்' அழுத்தி உங்கள் கணக்கின் பெயரைக் கொடுங்கள். அதன் கீழே, உள்ளே உள்ள கோப்புகளுக்கும் உரிமையாளரை மாற்றவா என்று கேட்கும் கட்டத்தைக் கட்டாயம் டிக் செய்யுங்கள். அதைச் செய்யாமல் விட்டால் வெளிக் கோப்புறை மட்டும் நம்முடையதாகும், உள்ளே உள்ளவை பழையபடி மறுக்கும். பிறகு அதே பகுதியில் உங்கள் கணக்கிற்கு 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுங்கள். இதற்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு தேவை. உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினிகளில் இதை முயலாமல், தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு அலுவலகக் கணினியில் செய்வது நல்லது.

மூன்று, பெயரின் நீளம். டிரைவில் தொடங்கிக் கோப்பின் பெயர் வரை உள்ள முழுப் பாதையும் 260 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும் என்பது விண்டோஸின் பழைய வரம்பு. ஃபைல் ஹிஸ்டரியோ கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கிப் பெயருக்குப் பின் தேதியையும் சேர்ப்பதால், இந்த வரம்பு எளிதில் தாண்டிவிடுகிறது. வெளியில் உள்ள கோப்புறைகளின் பெயர்களை ஒவ்வொன்றாக ஓர் எழுத்துக்கு மாற்றுங்கள். அல்லது ஆழத்தில் உள்ள கோப்புறையை வெட்டி டிரைவின் முதல் நிலையிலேயே ஒட்டுங்கள். பாதை குறுகியதும் அழியும். கட்டணமில்லாமல் கிடைக்கும் செவன்-ஜிப் நிரலின் ஃபைல் மேனேஜரைத் திறந்து, அதிலிருந்து ஷிஃப்ட் விசையுடன் டெலிட் அழுத்தினாலும் நீளமான பெயர்கள் பெரும்பாலும் அழிந்துவிடும்.

நான்கு, டிஸ்க்கின் கோளாறு. டிஸ்க்கைப் பாதுகாப்பாக வெளியேற்றாமல் கேபிளைப் பிடுங்கினாலோ, நடுவில் மின்சாரம் நின்றாலோ, கோப்புகளின் பட்டியல் குழம்பிவிடும். இந்த நிலையில் லினக்ஸ் கணினியில் இணைத்தால், படிக்க மட்டும் அனுமதித்து, எழுதவோ அழிக்கவோ விடாமல் இருக்கலாம். விலையில்லா மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் பயன்படுத்தியவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். மீண்டும் விண்டோஸில் இணைத்து, டிரைவின் பிராப்பர்ட்டீஸில் டூல்ஸ், செக் என்று கொடுத்தால் பட்டியல் சீராகும். ஆனால் ஒரு எச்சரிக்கை: டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்ற ஓசை வந்தாலோ, திறக்கவே பல நிமிடங்கள் ஆனாலோ, சரிசெய்யும் வேலையில் இறங்காதீர்கள். முதலில் முக்கியமான கோப்புகளை வேறிடத்திற்கு நகலெடுங்கள். பழுதான டிஸ்க்கிற்கு ஒவ்வொரு சோதனையும் கூடுதல் சுமை.

எடுத்த நிரலே அழிப்பது முறை

பேக்கப்பை எடுத்த நிரல் இன்னும் அதே கணினியில் இயங்கினால், மேலே சொன்ன எதுவும் தேவையில்லை. ஃபைல் ஹிஸ்டரியின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் 'கிளீன் அப் வெர்ஷன்ஸ்' இருக்கிறது. ஓராண்டுக்கு முந்தையவற்றை நீக்கு, கடைசி நகலைத் தவிர மற்றவற்றை நீக்கு என்று அதில் தேர்வு செய்யலாம். விண்டோஸ் 7 முறைப் பேக்கப்பில் 'மேனேஜ் ஸ்பேஸ்' உண்டு. ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களும் டைம் மெஷின் பேக்கப்பைக் கையால் இழுத்துக் குப்பைத் தொட்டியில் போடுவதைத் தவிர்ப்பது நல்லது. அந்தப் பேக்கப்பில் லட்சக்கணக்கான சிறு பதிவுகள் இருப்பதால், தொட்டியைக் காலி செய்வது பாதியில் நின்றுபோவது உண்டு.

டிஸ்க்கில் மறைந்திருக்கும் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற கோப்புறையை மட்டும் கையால் தொடாதீர்கள். அது விண்டோஸ் தனக்காக வைத்திருப்பது.

அழித்தும் இடம் வரவில்லையா?

டெலிட் அழுத்தியதும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கின் கோப்பு அதே டிஸ்க்கில் மறைந்துள்ள ரீசைக்கிள் பின்னுக்குத்தான் போகிறது. எனவே டிஸ்க்கை இணைத்த நிலையிலேயே ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். வேறு கணினியில் அழித்தவை அந்தக் கணினிக்குரிய தொட்டியில் தங்கி, உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் இடத்தை அடைத்திருக்கும். லினக்ஸில் அழித்தவை 'டிராஷ்' என்ற மறைந்த கோப்புறையில் இருக்கும். அங்கே கன்ட்ரோல் விசையுடன் ஹெச் அழுத்தினால் அது தெரியும்.

மாணவர் விவரங்கள் கவனம்

பேக்கப்பில் நம் மாணவர்களின் ஆதார் எண், கல்வி உதவித்தொகைக்கான வங்கிக் கணக்கு எண், பெற்றோர் கைப்பேசி எண் எல்லாம் இருக்கும். சாதாரணமாக அழிக்கும்போது பட்டியலிலிருந்து பெயர்தான் நீங்குகிறது. அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை தகவல் டிஸ்க்கிலேயே இருக்கும். இதில் ஒரு நன்மை உண்டு. தவறுதலாக அழித்துவிட்டால், உடனே அந்த டிஸ்க்கில் எழுதுவதை நிறுத்தினால் மீட்க வாய்ப்பிருக்கிறது. ஆபத்தும் உண்டு. டிஸ்க்கைப் பிறருக்குக் கொடுத்தாலோ கழித்தாலோ, அவர்களாலும் மீட்க முடியும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியுள்ள நிலையில், குழந்தைகளின் விவரங்களைக் காப்பது நம் பொறுப்பு. ஹார்ட் டிஸ்க்கைக் கைமாற்றும் முன், 'குவிக் ஃபார்மட்' என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள். சில மணி நேரம் ஆகலாம். அப்போதுதான் எல்லா இடத்திலும் மேலெழுதப்படும்.

இனி என்ன செய்யலாம்?

எங்கள் பள்ளியில் இப்போது ஹார்ட் டிஸ்க்குடன் ஒரு 40 பக்க நோட்டும் பீரோவில் இருக்கிறது. எந்தக் கணினியின் பேக்கப், எந்தத் தேதி, மூலம் எங்கே இருக்கிறது, எப்போது அழிக்கலாம் என்று நான்கு பத்திகள். ஆசிரியர் மாறுதலாகிப் போனாலும் நோட்டு இருக்கும். ஆண்டுக்கொரு முறை, கோடை விடுமுறைக்கு முன், இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து பார்த்த பிறகே அழிக்கிறோம்.

நெசவாளர்களின் பேச்சுப் பதிவுகளை இரண்டு இடங்களில் சேமித்துவிட்டு, அந்த இரு கோப்புறைகளையும் ஒரு மாலையில் அழித்து முடித்தேன். மறைந்த அந்த நெசவாளரின் பேத்தி எங்கள் பள்ளியில்தான் 8ஆம் வகுப்பு படிக்கிறாள். பதிவைப் போட்டுக் காட்டியபோது முழுவதையும் நின்றபடியே கேட்டாள். பிறகு, "இதை எங்க பாட்டிக்கும் போட்டுக் காட்டணும், ஒரு காப்பி தருவீங்களா சார்?" என்றாள். பென் டிரைவில் கொடுத்தனுப்பினேன். அது மூன்றாவது நகல்.

உங்கள் பள்ளி பீரோவிலும் இப்படி ஒரு டிஸ்க் இருக்கக்கூடும். அடுத்த முறை அது இடமில்லை என்று சொல்லும்போது, ஃபார்மட் கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி உள்ளே பாருங்கள்.