கைவழிக் கல்வி

மூன்று வயதுக் குழந்தையின் கையில் எழுதுகோலைத் திணித்து, கோடு பிசகினால் கடிந்துகொள்ளும் வழக்கத்தைப் பல இல்லங்களில் நாம் காண்கிறோம். விரல்களுக்கு வலிமை வருமுன்னரே எழுத்தின்மீது அச்சம் வந்துவிடுகிறது. கட்டி விளையாடும் பொருள்களே இதற்கு மாற்று எனக் கருதுகிறோம்.

செருமானியக் கல்வியாளர் ஃபிரோபெல், 1837இல் பிளாங்கன்பர்க் நகரில் தொடங்கிய விளையாட்டு நிலையத்தில், எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் மரக்கட்டையைக் குழந்தைகளுக்கு அளித்தார். பிரித்தும் அடுக்கியும் விளையாடுகையில் முழுமையும் பகுதியும் தாமே விளங்கின.

1907இல் உரோம் நகரில் குழந்தைகள் இல்லம் கண்ட மரியா மாண்டிசோரி அம்மையார், 10 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை வளரும் பத்துக் கோல்களை வகுத்தார். ஒன்பதாம் கோலின் முனையில் முதற்கோலை வைத்தால் பத்தாம் கோலுக்கு நிகராகும். கூட்டல் கண்முன் நிற்கும். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவி அறிந்தனர். 1939இல் அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். மணலில் விரலால் எழுதிப் பயின்ற நம் திண்ணைப் பள்ளி மரபுக்கு இம்முறை அயலன்று.

விலையுயர்ந்த பொம்மைகள் வேண்டியதில்லை. விழுங்க இயலாத அளவில், முனை மழுக்கி இழைத்த மரத்துண்டுகள் போதும். இரண்டு சேர்ந்தால் 'ட'. மூன்று சேர்ந்தால் 'ப'. பிழையாக வைத்ததைக் குழந்தையே எடுத்து மாற்றி வைக்கும்; அழிப்பானும் வேண்டா, அடியும் வேண்டா.

குழந்தை, இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதன் முதல் எழுத்து கண்ணீரின்றி அமையச் செய்வது பெற்றோர், ஆசிரியர் அனைவரின் கடமையாகும்.