வலிக்காத நோய்: முரசில் இரத்தம் கசிந்தால் என்ன செய்வது?

பல் துலக்கிவிட்டுத் துப்பும் தண்ணீர் இலேசாகச் சிவந்திருந்தால் நம்மில் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. பிரஷ் குத்தியிருக்கும் என்று நினைத்து, அடுத்த நாள் அந்த இடத்தை விட்டுவிட்டு மற்றப் பற்களைத் துலக்குகிறோம். வலி இல்லாததால் வைத்தியரிடமும் போவதில்லை. முரசு நோய் பல ஆண்டுகள் மறைந்திருந்து பல்லை ஆட வைப்பது இப்படித்தான்.

தோட்டத் தொழிலாளரிடம் நடந்த ஆய்வு

இந்த நோயைக் கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை உலகுக்குக் காட்டிய முக்கியமான ஆய்வு ஒன்று இலங்கையிலேயே நடந்தது. நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ தலைமையிலான குழு 1970இல் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தது. 1985 வரை அந்தப் பரிசோதனைகள் தொடர்ந்தன. பிரஷ், பற்பசை கொண்டு துலக்கும் வழக்கமோ பல் வைத்திய வசதியோ அந்தத் தொழிலாளர்களுக்கு எட்டியிருக்கவில்லை.

1986இல் முடிவுகள் வெளியாகின. 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாகப் பரவி, 45 வயதளவில் எல்லாப் பற்களும் விழுந்துவிட்டன. 81 சதவீதத்தினருக்கு அது மெதுவாக வளர்ந்தது. அதே வயதில் அவர்கள் சராசரியாக 7 பற்களை இழந்திருந்தார்கள். மீதி 11 சதவீதத்தினருக்கு முரசு வீக்கத்துக்கு அப்பால் நோய் போகவில்லை. இத்தனைக்கும் இவர்களிடம் சூத்தைப் பல் மிக அரிது. சூத்தையே இல்லாத நல்ல பல்லும் முரசு கெட்டால் விழும்.

இரண்டு கட்டங்கள்

சாப்பிட்ட பின் பல்லில் படியும் பிசுபிசுப்பான ஊத்தைப் படலத்தில் கிருமிகள் பெருகுகின்றன. அதனால் முரசு சிவந்து வீங்கி இரத்தம் கசிகிறது. இது முதற்கட்டம். இதை முழுமையாகக் குணப்படுத்தலாம். லோ 1965இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், ஆரோக்கியமான 12 பேர் துலக்குவதை நிறுத்தியதும் மூன்று வாரங்களுக்குள் எல்லோருக்கும் முரசு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது சரியானது.

அகற்றப்படாத ஊத்தை இறுகிக் காரையாகிறது. வீக்கம் நீடிக்கும் பலருக்கு முரசு பல்லைவிட்டு விலகி இடையில் பை போன்ற பள்ளம் உருவாகி, பல்லைத் தாங்கும் எலும்பு கரையத் தொடங்குகிறது. இது இரண்டாம் கட்டம். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது. ஆனால் மேலும் கரையாமல் தடுக்கலாம்.

சிகிச்சை என்ன?

பலர் மருந்துக்கடையில் குளிசை வாங்கிப் போடுகிறார்கள். எந்தக் குளிசையும் காரையை அகற்றாது. பல் வைத்தியர் முரசுக்கு மேலும் கீழும் உள்ள காரையைச் சுரண்டி எடுக்க வேண்டும். பள்ளம் ஆழமாக இருந்தால் விறைக்க ஊசி போட்டு வேரையும் சுத்தம் செய்வார். சில வாரங்கள் கழித்துப் பள்ளங்களை மீண்டும் அளந்து பார்ப்பார். அப்போதும் ஆழம் குறையாத இடங்களில் சிறிய சத்திரசிகிச்சை தேவைப்படலாம்.

'சுத்தம் செய்தால் பல் ஆடும்' என்ற பயம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. எலும்பு கரைந்த பற்களைக் காரை சீமெந்துபோல் சேர்த்துப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும், ஏற்கனவே இருந்த ஆட்டமும் இடைவெளியும் வெளியே தெரிகின்றன. சில நாட்கள் பல் கூசவும் செய்யும். சிகிச்சையால் பல் பழுதாகவில்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை

இரத்தம் வரும் இடத்தைத் தவிர்க்காதீர்கள். மென்மையான பிரஷை முரசின் விளிம்பில் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல், காலையிலும் படுக்கைக்குப் போகுமுன்னும் இரண்டு நிமிடங்கள் துலக்குங்கள். பற்களின் இடைவெளிக்கு நூலோ சிறிய இடைப்பல் பிரஷோ வேண்டும். நோய் வந்தவர்கள் 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை வைத்தியரிடம் காட்டுவது நல்லது.

புகைபிடிப்பவர்களுக்கு முரசில் இரத்தக் கசிவு குறைவாகவே தெரியும். உள்ளே நோய் வளர்ந்துகொண்டிருக்கும். வெற்றிலை போடுபவர்களின் சிவந்த எச்சிலில் இரத்தம் கலந்தாலும் தெரியாது. இவர்கள் இரத்தத்தைக் காணும்வரை காத்திருக்கக் கூடாது.

நீரிழிவுக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சீனி கட்டுப்பாட்டில் இல்லையென்றால் முரசு நோய் வேகமாக வளரும். முரசு நோய் இருந்தால் சீனியைக் கட்டுப்படுத்துவதும் சிரமமாகும். கிளினிக் போகும்போது பல் வைத்தியப் பிரிவுக்கும் போய்வாருங்கள். அரச வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணம் இல்லை.

அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலானோருக்கு நோய் மெதுவாகவே வளர்ந்தது. முதல் இரத்தக் கசிவுக்கும் முதல் பல் விழுவதற்கும் இடையே பல ஆண்டுகள் இருக்கின்றன. அவர்களுக்குக் கிடைக்காத சிகிச்சை நமக்கு இன்று கிடைக்கிறது. இரண்டு வாரங்கள் ஒழுங்காகத் துலக்கியும் இரத்தம் நிற்காவிட்டால், வலி வரும்வரை காத்திருக்காமல் வைத்தியரிடம் போங்கள்.