நீத்தார் ஆடையும் நினைவுத் தையலும்



காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி என்னும் மூன்று ஆறுகளும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் என்னும் ஊர் இருக்கின்றது. அவ்வூர்ப் பெருமாள் கோயிற் சுவரில், சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டொன்று உளது. கோயிலைச் சார்ந்து பதினைந்து படுக்கைகளுடன் மருத்துவச்சாலை ஒன்று நடைபெற்றதையும், அங்கே மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர், தாதியர், நாவிதர், நீர் கொணர்வோர் பணி செய்ததையும் அது கூறுகின்றது. ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முற்பட்ட அச்செய்தியை நாம் அறிவது கல்லின் உதவியாலேயாம்.

ஆனால் நம் தாயும் தந்தையும் கல்வெட்டு விட்டுச் செல்வதில்லை. அவர்கள் விட்டுச் செல்வன பெரும்பாலும் ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு கைக்கடிகாரம், ஒரு பெட்டி நிறைய உடைகள் ஆகியனவே. அவ்வுடைகளை என்ன செய்வது என்பது, துக்கம் நிகழ்ந்த ஒவ்வொரு வீட்டிலும் எழும் வினா. அதற்குரிய விடைகளுள் ஒன்றைப் பற்றியே இன்று கூற விழைகின்றேன்.

துணியில் நினைவைப் போற்றுதல் நமக்குப் புதியதன்று. வட தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் பூவாடைக்காரி வழிபாடு உண்டு. மங்கலத்துடன் மறைந்த குலப்பெண்ணை நினைத்துப் புதுப்புடவை படைத்து அதனைப் பேணி வைப்பர். பாட்டியின் பழம்புடவையில் பேரனுக்கு ஏணை கட்டுவதும் நாம் அறிந்ததே. பலமுறை தோய்த்த நூலாடை பச்சிளங்குழந்தையின் மேனிக்கு மென்மையாய் இருக்கும் என்பது அதன் பயன். முன்னோர் மடியிலே குழந்தை உறங்குகின்றது என்பது அதன் பொருள்.

பட்டாடை வகையில் மட்டும் நாம் தயங்குகின்றோம். பெட்டியில் வைத்துப் பூட்டுகின்றோம். என் தந்தையாரின் பட்டு அங்கவஸ்திரத்தை நானும் அவ்வாறே வைத்திருந்தேன். மடிப்பை மாற்றாமல் பல்லாண்டு வைத்தபின் ஒருநாள் விரித்தபோது, மடித்த கோடுகள் தோறும் அது கிழிந்து என் கையில் வந்தது. பட்டு ஒருவகைப் புரத இழை. வியர்வையாலும் வெளிச்சத்தாலும் அது நலியும். ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் மடிந்த இடத்து இழைகள் முறியும். போற்றுவதாக எண்ணி நான் அதனை இழந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் பழைய மாணவி ஒருத்தி ஒரு பையுடன் என்னைக் காண வந்தாள். அவள் பாட்டனார் காஞ்சியில் தறி நெய்தவர். தந்தையார் படித்துப் பொறியாளராகிச் சென்னை நிறுவனம் ஒன்றில் பணியாற்றி மறைந்தவர். பையில் இருந்தவை அவருடைய கழுத்துப்பட்டிகள். ‘டை’ என்று நாம் வழங்குவன. எண்ணிப் பார்த்தோம், பதின்மூன்று இருந்தன.

“ஐயா, இவற்றை இணைத்து அம்மாவுக்கு ஒரு திண்டுறை தைக்க நினைக்கிறேன். அம்மாவோ, ‘அவர் கழுத்தில் கிடந்ததைக் கத்தரியால் தொடாதே’ என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டாள்.

அங்கவஸ்திரத்தின் கதையை அவளுக்குச் சொன்னேன். பின்னர், அவள் பாட்டனார் தொழிலையே நினைவூட்டினேன். காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் நெய்யும்போதே பிணைப்பது கோர்வை. முந்தானைக்கு வேறு நிறப் பாவினை உடலின் பாவோடு இணைப்பது பிட்னி. வெவ்வேறானவற்றை வலுவாய் ஒன்று சேர்ப்பதே அத்தொழிலின் பெருமை.

பிற நாட்டவரும் இவ்வழியை அறிவர். வங்காளத்துப் பெண்டிர் பழம்புடவைகளை அடுக்கிக் காந்தா தைப்பர். அப்புடவைகளின் கரையிலிருந்து உருவிய நூலே தையல் நூலாகப் பயன்பட்டது. வட கன்னடப் பகுதியில் வாழும் சித்தி மக்கள் பழந்துணித் துண்டுகளால் போர்வை செய்வர். அமெரிக்க நாட்டில், எய்ட்ஸ் நோயால் மாண்டோரை நினைந்து, கிளீவ் ஜோன்ஸ் என்பார் தொடங்கிய முயற்சியால், ஆளுக்கு 3 அடி அகலமும் 6 அடி நீளமும் உள்ள ஒரு துணிப்பலகை தைக்கப்பட்டது. 1987 அக்டோபரில் வாஷிங்டன் நகரத் திடலில் அத்தகைய 1,920 பலகைகள் விரிக்கப்பட்டன. மாண்டோர் அணிந்த சட்டைகளும் கழுத்துப்பட்டிகளும் அவற்றில் இடம்பெற்றன.

இனி, தைக்கும் முறையைக் காண்போம். கழுத்துப்பட்டியின் துணி, இழைகளுக்கு நேராக அன்றி 45 பாகை சாய்வாக வெட்டப்படுவது. முடிச்சிட்டு அவிழ்த்தபின் அது பழைய வடிவுக்கு மீள்வது இதனால்தான். அதே காரணத்தால், பிரித்தெடுத்த துணி கைக்கு அடங்காமல் இழுபடும். இதனை அறியாது தைப்போர் கோணலான வேலையையே காண்பர்.

முதலிற் பட்டியின் முதுகுப்புறத்தில் ஓடும் நீண்ட தளர்தையலைச் சிறு கத்தரியால் அறுத்து, உள்ளே இருக்கும் தடித்த துணியை நீக்குக. ஈரமான வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, சாயம் இறங்காதாயின் மட்டும் குளிர்ந்த நீரில் மென்சோப்பிட்டு அலசி, முறுக்காது நிழலில் உலர்த்துக. மேலே மெல்லிய துணி பரப்பிக் குறைந்த சூட்டில், இழுக்காமல், அழுத்தி எடுக்கும் முறையில் இஸ்திரி இடுக. பின்னர் ஒவ்வொன்றின் அடியிலும் மெல்லிய மல் துணியை வைத்துப் பெருந்தையலால் பிணைத்துக் கொள்க. மல் துணியின் இழை நேராக நிற்பதால் பட்டு இழுபடாது. அதன் பின்னரே வெட்டுதல் வேண்டும்.

அம்மாணவி வட்ட வடிவைத் தேர்ந்தாள். கழுத்துப்பட்டி ஒருமுனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருப்பதால், குறுகிய பக்கங்கள் நடுவிற் கூடுமாறு வைத்தால் சக்கரம் போல் அமையும். பன்னிரண்டு துண்டுகள் எனின் ஒன்றுக்கு 30 பாகை, கூட்டினால் 360. ஆரம் 7 அங்குலமாயின், ஒவ்வொரு துண்டின் வெளிவிளிம்பும் சற்றேறக்குறைய 3⅔ அங்குலம் வரும். தையலுக்காக இருபுறமும் கால் அங்குலம் கூட்டி, கெட்டி அட்டையில் அளவு வெட்டிக்கொண்டாள். துண்டுக்கு ஒரு பாகை பிழைத்தாலும் முடிவில் 12 பாகை பிழைக்கும். நீங்கள் வகுப்பறையிற் கற்கும் வடிவியல் இங்கே ஊசிமுனையில் பயன்படுகின்றது. நடுவில் தையல்கள் குவிந்து தடிக்கும் இடத்தை, ஒரு சிறு வட்டத் துணியால் மூடினாள்.

கத்தரியை எடுக்குமுன் மூன்று செயல்கள் முடிந்திருத்தல் வேண்டும். முதலாவது, வீட்டார் அனைவரின் இசைவு; ஒருவர் அழுகையின்மேல் மற்றொருவர் ஆறுதல் தேடலாகாது. இரண்டாவது, ஒவ்வோர் ஆடையையும் முழுமையாய்ப் படமெடுத்து, அதனை அவர் எப்பொழுது அணிந்தார் என்று எழுதி வைத்தல். மூன்றாவது, ஒன்றையேனும் வெட்டாமல் விடுதல். வெட்டிய துணி மீண்டும் முழுத்துணி ஆகாது.

இம்மூன்றையும் அவளிடம் சொல்லி அனுப்பினேன். அவள் தாயிடம் கத்தரியைக் காட்டவில்லை. ஒரு குறிப்பேட்டைக் கொண்டு சென்றாள். ஒவ்வொரு பட்டியாக எடுத்து, “இது எப்போது வாங்கியது அம்மா?” என்று கேட்டாள். முதல் மாதச் சம்பளத்தில் வாங்கியது, மகள் பிறந்த செய்தி வந்த அன்று அணிந்திருந்தது, ஓய்வு பெற்ற நாளில் கட்டியது என்று தாயார் சொல்லச் சொல்ல, எழுதி முடிக்க இரண்டு மாலைகள் ஆயின. கணவர் மறைந்தபின் அவர் அவ்வளவு நேரம் பேசியது அதுவே முதன்முறை என்று மாணவி கூறினாள். இரண்டாம் மாலை முடிவில், முதற்சம்பளத்துப் பட்டியைத் தம் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, “இது இருக்கட்டும்; மற்றவற்றை நீ தை” என்றாராம் அவ்வம்மையார்.

எஞ்சிய பன்னிரண்டும் திண்டுறை ஆயின. இன்று அது சாய்வு நாற்காலியில் இருக்கின்றது. பேரப்பிள்ளைகள் ஒவ்வொரு துண்டையும் தொட்டுக் கதை கேட்கின்றனர்.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்திலும் அத்தகைய பெட்டி ஒன்று இருக்கலாம். அதனைத் திறந்து மடிப்பை மாற்றி வையுங்கள். ஊசி எடுக்காவிடினும் குறிப்பேடு ஒன்றை எடுத்துச் சென்று, அருகிலிருப்போரிடம் அவ்வாடைகளின் கதையைக் கேளுங்கள். துணியினும் முன்னதாக மறையக்கூடியவர்கள் அக்கதையை அறிந்தவர்களே ஆவர்.