உங்களுக்குத் தெரியுமா? பப்படம் பொரியும் எண்ணெயிலும் சுங்க வரி!

கொல்லங்கோட்டுக் கடையில் பப்படம் பொரிக்க வாங்கும் பாமாயில், பெரும்பாலும் இந்தோனேசியாவிலோ மலேசியாவிலோ கப்பலேறியது. பில்லில் ஜிஎஸ்டி தெரியும். துறைமுகத்திலேயே விழுந்த சுங்க வரி தெரியாது. அது விலைக்குள் கரைந்துவிடுகிறது.

2024 செப்டம்பர் 14 முதல் கச்சா பாமாயிலின் அடிப்படைச் சுங்க வரி பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமானது. செஸ், கூடுதல் வரி எல்லாம் சேர்த்தால் 5.5 சதவீதம் 27.5 ஆனது. 100 ரூபாய்ச் சரக்குக்கு 27 ரூபாய் 50 காசு! எண்ணெய்வித்து விவசாயிகளுக்கு நல்ல விலை கிடைக்கட்டும் என்பது அரசின் கணக்கு.

பழைய வரியில் வந்த சுமார் 30 லட்சம் டன் சமையல் எண்ணெய் 45-50 நாளுக்குப் போதும், அதுவரை எம்ஆர்பியை ஏற்றாதீர்கள் என்று நிறுவனங்களை மத்திய அரசு கேட்டுக்கொண்டது. விலைதான் காத்திருக்கவில்லை. பழைய எம்ஆர்பி அச்சிட்ட பாக்கெட்டைக் கூட்டி விற்கக் கூடாது. அதனால் கிடங்கு நிறைய சரக்கு வைத்திருக்கும் சூப்பர் மார்க்கெட் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும். வாராவாரம் பெட்டி எடுக்கும் சின்னக் கடைக்கு அடுத்த லோடிலேயே புது விலை.

2025 மே இறுதியில் கச்சா பாமாயிலுக்கான மொத்த வரி 16.5 சதவீதமாக இறங்கியது. சுத்திகரித்து வரும் எண்ணெய்க்கு மட்டும் வரி குறையாமல் 35.75 சதவீதமாகவே இருந்தது, உள்நாட்டு ஆலைகளுக்கு வேலை வேண்டுமே!