சென்னையில் கல்வி ஒரு திசையில், வேலை மறு திசையில்

கிழக்கே கடல் இருப்பதால் எல்லாத் திசைகளிலும் சமமாக விரியும் வாய்ப்பு சென்னைக்கு அமையவில்லை. வடக்கே எண்ணூர் வரையிலும் தெற்கே பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் நீண்டு, மேற்கே ஆவடி, திருப்பெரும்புதூர் பக்கமாகப் பரவியிருக்கும் இந்நகரம் ஏறத்தாழ அரைவட்ட வடிவம் கொண்டது. எனவே அதன் ஒரு முனையில் தங்கி மறுமுனையில் படிப்பவருக்கோ பணிபுரிபவருக்கோ குறுக்கு வழி என்று ஒன்று பெரும்பாலும் இருப்பதில்லை. பிற மாவட்டங்களிலிருந்து இங்கு வரும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கல்லூரியின் பெயரையும் பாடப்பிரிவையும் ஆராயும் அளவுக்கு இந்த வடிவத்தை ஆராய்வதில்லை. ஆனால் கையிலிருக்கும் பணமும் நேரமும் எங்கே கரைகின்றன, கற்ற கல்வி எவ்வளவு எளிதில் வேலையாக மாறுகிறது என்பவற்றைப் பெருமளவு முடிவு செய்வது அதுவே.

நகரின் பழைய கல்விக்கூடங்கள் கோட்டையையும் மெரினாவையும் ஒட்டியே எழுந்தன. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய நிறுவனம் பின்னர் கிண்டி பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. மருத்துவக் கல்லூரி 1835இலும், மாநிலக் கல்லூரி 1840இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1857இலும் உருவாயின. அதன்பின் கல்வி தெற்கு நோக்கி நகர்ந்தது. கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்குப் பெயர்ந்தது. 1949இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி.யும், 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு கிண்டிக் காட்டை ஒட்டி ஐ.ஐ.டி.யும் தோன்றின. தொழிற்சாலைகளோ எண்ணூர், மணலி, பாடி, அம்பத்தூர் என வடக்கிலும் மேற்கிலும் பெருகின. 1990களில் வந்த கார் உற்பத்தி இருங்காட்டுக்கோட்டை, மறைமலைநகர் பக்கமும், 2000இல் திறக்கப்பட்ட டைடல் பூங்காவைத் தொடர்ந்து மென்பொருள் துறை பழைய மாமல்லபுரம் சாலையிலும் வேரூன்றின. பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி போன்றவை பல தலைமுறைகளுக்குக் கைகொடுத்திருந்தாலும், ஆலைப் புகையையும் லாரி நெரிசலையும் அன்றாடம் தாங்கும் வடசென்னைக்கு அதற்கு ஈடான உயர்கல்வி நிறுவனங்கள் கிடைக்கவில்லை என்பது இந்நகரத்தின் நெடுநாள் அநீதி.

படிப்பு வேலையாக மாறும் வழிகளில் பலரும் அறிந்தது வளாக நேர்காணல், அதாவது நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து இறுதியாண்டு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை. அது பெரும்பாலும் பெயர்பெற்ற கல்லூரிகளுக்கும் மென்பொருள் துறைக்குமே சாதகமாக இயங்குகிறது. அந்த வாய்ப்பு எட்டாதவர்களுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தொழில் பழகுநர் பயிற்சி, அதாவது அப்ரண்டிஸ் முறை இருக்கிறது. பட்டமோ டிப்ளமாவோ முடித்தவர் ஓராண்டு காலம் ஒரு நிறுவனத்தில் உதவித்தொகையுடன் வேலை பழகலாம். இதற்குரிய தென்மண்டல வாரியம் தரமணியிலேயே இயங்குகிறது. அம்பத்தூர், ஒரகடம் ஆலைகளில் இயந்திரத்தோடு கழியும் அந்த ஓராண்டின் மதிப்பு, மதிப்பெண் பட்டியலை மட்டும் ஏந்தி அலைபவருக்கு விளங்க நாளாகும்.

துறைமுகத்தைச் சார்ந்த வேலைகளைப் பற்றி வெளியூர் மாணவர்களிடம் பேசுவோர் குறைவு. கப்பலில் வரும் சரக்கு இறங்கியவுடன் உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிடுவதில்லை. ஆவணங்களைச் சரிபார்த்து, தீர்வை செலுத்தி, சுங்கத் துறையின் அனுமதி பெற வேண்டும். இறக்குமதியாளரின் சார்பில் இதைச் செய்பவர் சுங்கத் தரகர். பாரிமுனை வட்டாரத்தில் வழங்கும் பெயர் ‘கிளியரிங் ஏஜென்ட்’. பெட்டகங்களைப் பிரித்துச் சரக்கை வைத்திருந்து அனுப்பும் கிடங்குகள், கப்பல் நிறுவனங்களின் முகவர் அலுவலகங்கள், சரக்கு அனுப்பீட்டு நிறுவனங்கள் ஆகியவை சென்னைத் துறைமுகத்தையும் எண்ணூரின் காமராசர் துறைமுகத்தையும் நம்பி இயங்குகின்றன. வணிகவியல் பட்டதாரி ஒருவர் உரிமம் பெற்ற தரகரிடம் ஊழியராகச் சேர்ந்து, வேலையைக் கற்று, சுங்கத் துறைத் தேர்வில் தேறி, படிப்படியாகத் தாமே உரிமம் பெறும் நிலைக்கு உயர முடியும். கடல்சார் கல்வியையே முறையாகப் பெற விரும்புவோருக்கு 2008இல் அமைந்த இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் சென்னையிலேயே உள்ளது.

கல்வியும் பணியிடமும் அருகருகே இருந்தால் விளையும் பயனுக்கு இந்நகரத்தின் மிகப் பெரிய சான்று கணிதமேதை இராமானுஜன். பச்சையப்பன் கல்லூரியில் படித்து எஃப்.ஏ. என்னும் அன்றைய இடைநிலைக் கல்லூரித் தேர்வில் தோற்ற அவர், 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். அவருடைய மேலதிகாரி நாராயண ஐயர் தாமே கணிதம் கற்றவர். கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறியாளர். அவ்விருவரின் ஆதரவும் நகரத்துக் கணித அறிஞர்களின் தொடர்பும் சேர்ந்தே 1913இல் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் மாத உதவித்தொகைக்கு வழி திறந்தன. தேர்வு முறை கைவிட்ட ஒருவரைத் துறைமுக அலுவலகம் தாங்கி நின்றது. பெருநகரம் தரக்கூடிய மிகப் பெரிய கொடை இவ்வகை மனிதத் தொடர்பே. அது பட்டப்படிப்பின் பாடத்திட்டத்தில் இல்லை.

இந்த நெருக்கத்தைத்தான் இன்று வாடகையும் தொலைவும் சிதைக்கின்றன. திருவல்லிக்கேணியில் மேன்ஷன் எனப்படும் விடுதிகள் தனியாக வரும் ஆண்களுக்கு நெடுங்காலமாக முதல் புகலிடமாக இருக்கின்றன. பெண்கள் தங்கும் தனியார் விடுதிகள் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் உரிமமும் பெற்றிருக்க வேண்டும் என்பதைச் சேரும் முன்பே கேட்டறிவது உரிமை. வீட்டு முன்பணமாகப் பத்து மாத வாடகை கேட்கும் வழக்கம் இங்கே ஊறியது. வேறு உடன்பாடு இல்லாதவரை மூன்று மாத வாடகையே வரம்பு என்று 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் கூறினாலும், அதைச் சுட்டிக்காட்டிப் பேசும் துணிவு புதிதாக வருபவருக்கு எளிதில் வருவதில்லை. வடகிழக்குப் பருவமழையும் பருவத் தேர்வும் நவம்பர், டிசம்பரில் ஒருசேர வருவதால், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள தாழ்வான பகுதிகளில் குறைந்த வாடகைக்கு அறை எடுப்பவர் மழைக்காலத்தையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தேர்வுகளே தள்ளிவைக்கப்பட்டன. ஆகவே புறநகர் மின்ரயில் நிலையத்துக்கு நடந்து செல்லும் தொலைவில், மேடான இடத்தில் உள்ள சிறிய அறை, தொலைவிலுள்ள பெரிய வீட்டைவிட மேலானது.

இந்தத் தொலைவுக் கணக்கைக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே போட வேண்டும். பொறியியல் சேர்க்கை ஒற்றைச் சாளர முறையில், அதாவது பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசைப்படி மாநிலம் முழுவதற்கும் ஒரே கலந்தாய்வில் நடைபெறுகிறது. அதில் விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது, எந்தக் கல்லூரி எந்தத் தொழிற்பகுதிக்கு அருகில் உள்ளது, அங்கிருந்து பயிற்சிக்கு எத்தனை மாணவர்கள் செல்கின்றனர், அருகிலுள்ள மின்ரயில் நிலையம் எது என்பவற்றையும் பெற்றோர் கல்லூரியிடமே நேரில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.