இளைத்த மண்ணில் இத்தனை புல்லா?

புரட்டாசி, ஐப்பசியில் நாலு மழை விழுந்த பிறகு மேச்சேரிப் பக்கத்துச் செம்மண் மேய்ச்சல் காட்டில் ஒரு கட்டில் அளவு இடத்தைக் குனிந்து பாருங்கள். கொழுக்கட்டைப் புல், ஊசிப்புல், மத்தங்காய்ப் புல், இடையிடையே செப்பு நெருஞ்சி, நரிப்பயறு, நீலப்பூவோடு விஷ்ணுகிராந்தி. எண்ணினால் ஒரு கை விரல் போதாது. நாமக்கல்லில் கோழி எரு குவித்துக் கிடந்த மூலையிலோ முள்ளுக்கீரையும் ஊமத்தையும்தான் இடுப்புயரம் நிற்கும்.

சத்து மிகுந்தால் வேகமாக வளரும் ஓரிரு செடிகள் வெயிலை மறைத்து மற்றவற்றை அமுக்கிவிடும். இளைத்த மண்ணில் எதற்கும் அந்தத் திமிர் வராது. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் ஒரு புல்வெளியைத் துண்டு துண்டாகப் பிரித்து, 1856 முதல் விதவிதமாக உரமிட்டுப் பார்க்கிறார்கள், இன்றும் நடக்கிறது. உரமே போடாத துண்டில் ஏறக்குறைய 40 வகை. சுண்ணாம்பு இல்லாமல் அமோனியம் சல்பேட் மட்டும் அதிகம் விழுந்த துண்டில் இரண்டு மூன்றே மிச்சம். மண் புளித்துப் போனதும் அதற்கு ஒரு காரணம்.

நம்மூரில் இந்த வேலையில் ஆட்டுக்கும் பங்குண்டு. மேச்சேரி ஆடு உயர்ந்து வரும் புல்லைக் கடித்துக் குட்டையாக்கினால் தரையோடு படரும் செடிக்கு வெயில் கிடைக்கும். ஆடு அளவுக்கு மீறினால் கதை தலைகீழ்: வாய் வைக்காத ஆவாரையும் கொழுஞ்சியும் மட்டும் தங்கும். ஊசிப்புல்லோ தன்னைத் தானே காத்துக்கொள்ளும். முற்றிய விதையின் முறுக்கிய வால் ஈரம் பட்டதும் சுழன்று விதையை மண்ணுக்குள் திருகும். ஆட்டுத் தோலையும் விடாது. இளசில் மேய்த்தால்தான் உண்டு.

பிறகு தரை. பாறை மேல் விரற்கடை மண் இருந்தால் ஒரு பருவத்தில் முடிந்துபோகும் குறும்புல், பள்ளத்தில் கோரை, வெள்வேல மர நிழலில் வேறொரு கூட்டம். சேலம் நகரை ஒட்டிய வெள்ளைக்கல் கரடுகளில் மக்னீசியம் மிதமிஞ்சி, கால்சியம் குறைவு. நிக்கலும் குரோமியமும் வேறு. அதைத் தாங்குகிற செடிதான் அங்கே நிற்கும். இப்படி மேடும் பள்ளமும் கரடும் கலந்து கிடப்பதால்தான் இந்தச் சமவெளியின் மொத்தக் கணக்கு கூடுகிறது.

இதைத் தரிசு என்று எழுதிவைத்து மரம் நடப் போவது எனக்கு ஒப்பவில்லை. சீமைக்கருவேலம் அடைத்த மேய்ச்சல் காட்டில் அடியில் என்ன முளைத்திருக்கிறது என்று ஆடு மேய்ப்பவரைக் கேட்டாலே போதும். மேய்ச்சல் காட்டைக் கெடாமல் காக்க வழியும் உண்டு: கரூர், தாராபுரம் பக்கத்தில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்கள் முள்கிளுவை வேலியால் நிலத்தைப் பிரித்து, ஒரு பக்கம் மேயும்போது மறுபக்கத்தைப் புல் தேற விட்டுவிடுகிறார்கள்.