மருந்துப் பம்பில் எந்தத் தண்ணீர்?

தோட்டத்தில் மருந்தடிப்பவர்களுக்குப் பழகிய காட்சி இது. எண்ணெய் கலந்த பூச்சிமருந்தை அளந்து தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெள்ளையாக விரியும். பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள். சில நாள்களில் மட்டும் அதே மருந்து, அதே அளவு, ஆனால் சற்று நேரத்தில் எண்ணெய் தனியாகப் பிரிந்து மிதக்கும்; தெளிப்பு முனை அடைத்துக்கொள்ளும். "மருந்து பழசு" என்று கடைக்காரரைத் திட்டுவோம். பல நேரம் குற்றவாளி தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புதான்.

எண்ணெயும் தண்ணீரும் தாமாகச் சேராது. அதற்காக மருந்தில் சவர்க்காரத்தைப் போன்ற ஒரு கலப்பான் சேர்க்கிறார்கள். அதன் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். பல கலப்பான்களில் தண்ணீர் பிடிக்கும் முனைக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. அதனால் எண்ணெய்த் துளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக நிற்கும். தண்ணீரில் உப்பு கூடினால், அதிலுள்ள நேர்மின் துகள்கள் அந்த முனையைச் சூழ்ந்து மின்னூட்டத்தை மறைத்துவிடும். சுண்ணாம்பு நீரில் உள்ள கால்சியத்துக்கு இரட்டை மின்னூட்டம். சோடியத்தைவிட மிகக் குறைந்த அளவிலேயே வேலையைக் கெடுத்துவிடும்.

துளிகள் கண்ணுக்கே தெரியாத அளவு சிறிதானால் கலவை பாலாக இல்லாமல் தெளிவாகவே இருக்கும். இதுதான் நுண்பால்மம். இன்று சில பூச்சிமருந்துகள் இந்த வடிவில் வருகின்றன. இதில் உப்பின் விளையாட்டை 1948இல் வின்சர் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் வகைப்படுத்தினார். மின்னூட்டமுள்ள கலப்பானாக இருந்தால், உப்பு குறைவான நீரில் அது தண்ணீர்ப் பக்கம் நிற்கும். உப்பு ஏற ஏற எண்ணெய்ப் பக்கம் சாயும். நடுவில் ஓர் அளவில், மேலே எண்ணெய், கீழே தண்ணீர், இடையே இரண்டும் கலந்த மூன்றாவது அடுக்கு தோன்றும்! எண்ணெய்க் கிணற்றுப் பொறியாளர்கள் அந்த அளவைத் தேடி அலைகிறார்கள். பாறையில் ஒட்டிய எண்ணெயைக் கழற்ற அது உதவும். நமக்கோ பம்புக்குள் அடுக்கு பிரிவதே ஆகாது.

உற்பத்தியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். பன்னாட்டுச் சோதனை முறையில் 20 பிபிஎம் கடினத்தன்மையுள்ள மென்னீரிலும் 342 பிபிஎம் உள்ள கடின நீரிலும் மருந்தைக் கலந்து பார்க்கிறார்கள். ஆனால் கழிமுகத்து உவர்நீர் அந்தச் சோதனையில் இல்லை.

கெடாவில் தண்ணீர் ஊருக்கு ஊர் வேறு. பாலிங் மலையும் அலோர்ஸ்டார் அருகிலுள்ள கெரியாங் மலையும் சுண்ணாம்பு மலைகள். அங்கே கிணற்று நீர் கடினமாக இருக்க வாய்ப்பு அதிகம். கோலமூடா, யான் கரையோரத்தில் கடல்நீர் ஏறும் ஓடைகள் உண்டு. மழைநீரில் உப்பு மிகக் குறைவு. தொட்டியில் பிடித்து வைத்தால் அதுவே நல்லது. வேலை மிச்சமென்று உரத்தையும் மருந்தையும் ஒரே பம்பில் கலப்பவர்களும் உண்டு. பல உரங்கள் உப்புகளே. (கிளைபோசேட் எண்ணெய்க் கலவை அல்ல, கடின நீர் அதன் வீரியத்தை வேறு வழியில் குறைக்கும்.)

பிரிந்த கலவையால் பயிருக்கு மட்டுமா கேடு? ஒரு வரிசைக்கு வெறும் தண்ணீர், அடுத்த வரிசைக்குக் கெட்டி மருந்து. அடைத்த முனையைக் கையால் நோண்டுவதும் வாயால் ஊதுவதும் மருந்தடிக்கும் பெண்கள்தாம். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது என்பதால் மற்ற மருந்துகள் பாலாகிவிடவில்லை.

புது இடத்துத் தண்ணீரென்றால் முதலில் சோதித்துப் பாருங்கள். கையுறை போட்டு, லேபிளில் உள்ள அதே விகிதத்தில் ஒரு கண்ணாடிப் போத்தலில் கலந்து குலுக்கி, அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேலோ கீழோ அடுக்கு பிரிந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். போத்தலில் பெரிய எழுத்தில் "விஷம்" என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் மருந்து ஸ்டோரிலேயே வைத்துவிடுங்கள்.